விடிய விடியப் பாடம்

மதுரையில் ஓர் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் அலங்காநல்லூர். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் பாதி, பாடத்திட்டத்தில் கிடையாது. ஸ்பெஷல் நாடக மேடையில் கற்றது. பணியில் இருந்தவரை இதை வெளியில் சொன்னதில்லை. கூத்தாடி என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். இனி அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துச் சாமி கும்பிடுகளில் 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குத் தனி மவுசு. 1918இல் மதுரையில் பாய்ஸ் கம்பெனி தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த பாதை அது. பாட்டாலேயே கதை நகரும் இந்த வகையை ஐரோப்பாவில் ஆப்பெரா என்பார்கள். அங்கே வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். இங்கே, ஸ்பெஷல் நாடகத்தில், ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். அரிதாரம் பூசும் இடத்தில்தான் அன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பத்து மணிக்கு மேல் நாடகம் தொடங்கினால் விடிந்துதான் முடியும்.

நான் நாரதர் வேஷம் கட்டுவேன். ஒரு கட்டையில் சாதகம் செய்தவனுக்கு, மேடையில் நாலரைக் கட்டை வைத்தார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கப் பாட்டில் ஒரே சுதிதான். நான் திணறுவதைப் பார்த்த ஆர்மோனியக்கார அண்ணன் காதோடு சொன்னார்: “தம்பி, கத்தாதீங்க. சொல்லைப் பல்லுக்கிட்ட கொண்டுவாங்க, தன்னால கேக்கும்.”

அவர் சொன்னதற்கான காரணம் பிற்பாடு புத்தகத்தில் கிடைத்தது. ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெரி 1970களில் ஆப்பெரா குரல்களை அளந்து பார்த்தார். வாத்தியக் கூட்டத்தின் ஓசை 500 ஹெர்ட்ஸ் பக்கம் வலுவாக இருக்கும்; மேலே போகப் போகக் குறையும். பயின்ற ஆண் குரலிலோ 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மை எழும். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்பது அதனால்தான். எங்கள் ஊர் ஜல்லிக்கட்டிலும் இதைப் பார்க்கலாம். காலையிலிருந்து “மாடு வருது, புடிச்சுப் பாரு” என்று மைக்கில் அடித்தொண்டையில் கத்துபவருக்கு மதியத்துக்குள் தொண்டை கட்டிவிடும். நிதானமாகச் சொல்லை முன்னால் எறிபவர் கடைசி மாடு வரைக்கும் பேசுவார்.

இரண்டாவது பாடத்தை வள்ளியாக நடித்த அம்மாள் கற்றுக்கொடுத்தார். பழக்கமான தர்க்கத்துக்கு நடுவே, ஊர்க் கண்மாய் நிறைந்த சேதியை வைத்து மோகன ராகத்தில் ஒரு கேள்வியை வீசினார். மனப்பாடம் செய்த வசனம் கைகொடுக்கவில்லை. அவர் விட்ட சுரத்தைப் பிடித்து, அதே தாளத்தில் பதில் கட்ட வேண்டியிருந்தது. ஜாஸ் பாடகர்களின் தொழிலே இதுதான். 1960இல் பெர்லின் மேடையில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு ‘மேக் தி நைஃப்’ பாட்டின் வரிகள் மறந்துபோயின. அந்த நேரத்துக்குத் தோன்றியதைப் போட்டுப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்கே கிராமி விருது கிடைத்தது.

கல்லூரியில் பிள்ளைகள் கல்பனாஸ்வரத்தை நோட்டில் எழுதி, உருப்போட்டு வருவார்கள். நான் நோட்டை மூடச் சொல்லி, இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைப்பேன். ஒருத்தி முடித்த சுரத்திலிருந்து மற்றவள் தொடங்க வேண்டும். முதல் வாரம் தாளம் விட்டுப்போகும், சிரிப்பு வரும். போகப் போகப் பாடுவதைவிடக் கேட்பதில் கவனம் கூடும். குரல் பயிற்சியில் பாதி, காதுக்கானது என்பதே என் முடிவு.

இசை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சபாக் கச்சேரிகளுக்குப் போங்கள். கூடவே பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு ராத்திரி, மதுரைப் பக்கம் ஏதாவது ஊரில் வள்ளி திருமணம் பாருங்கள். ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். தர்க்கம் முடியும்வரை எழுந்து போகாதீர்கள்.