புறங்கையால் பார்ப்பது

காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுப்பதுதான் என் வேலை. கோலாலம்பூரில் கட்டடங்களுக்குக் குளிரூட்டும் அமைப்புகளை வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடமாக இருக்கிறேன். ஏர்கோன் என்றாலே குளிர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்களைக் கேட்டால் பாதிச் சண்டை ஈரத்தோடுதான் என்போம். வடிகால் குழாய் அடைத்துக்கொண்டு சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டினால் நள்ளிரவானாலும் எங்களுக்குத்தான் போன் வரும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சைக்ரோமெட்ரிக் வரைபடம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். காற்றின் வெப்பமும் ஈரமும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதை ஒரே தாளில் காட்டுவது. நான்கு வருடப் படிப்பிலும் ஐந்து வருட வேலையிலும் அதன் வலது மேல்மூலையைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நம் நாடு இருப்பது அங்கேதான். இடது கீழ்மூலை எனக்கு வெறும் கோடுகள். போன டிசம்பரில் அந்த மூலைக்கே போய் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தேன்.

அக்கா லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில் இருக்கிறாள். அவள் மகளுக்கு இரண்டரை வயது. எங்களுக்கு எப்போதும் பாப்பாதான். "ராத்திரி பூரா சொறியுறாடா. நான் சரியாத் தூங்கி ஒரு மாசம் ஆச்சு," என்று அக்கா போனில் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும். விடுப்பைச் சேர்த்து எடுத்துக்கொண்டு அம்மாவை அழைத்துப் போனேன்.

அம்மாவின் பெட்டியில் தேங்காய் எண்ணெய், கடலை மாவு, இரண்டு டப்பா பவுடர் இருந்தன. யோசித்துப் பார்த்தால், நம் ஊர்ப் பிள்ளை வளர்ப்பே ஈரத்தோடு நடத்தும் போர்தான். காலையும் மாலையும் குளியல், வியர்த்தால் இன்னொன்று. துடைத்துவிட்டுக் கழுத்து மடிப்பில் பவுடர். மலாய்க்காரப் பாட்டிகளுக்கு அரிசியில் செய்த பெடாக் சஜுக். எல்லாமே வியர்வையை உறிஞ்சி வேர்க்குருவைத் தடுக்கும் ஏற்பாடுகள். பல தலைமுறை அனுபவத்தில் உருவானவை, இந்த வெயிலுக்குச் சரியானவை. அதே பழக்கத்தை ஜனவரி மாத இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் ஏற்கெனவே வறண்ட தோலில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் நாமே துடைத்தெடுத்த மாதிரி ஆகும்.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கோலாலம்பூரில் மதியம் 32 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் தண்ணீர் இருக்கும். ரெடிங்கில் வெளியே 3 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். கேட்டால் நம் ஊரைவிட ஈரமான ஊர் போலத் தோன்றும். ஆனால் குளிர்ந்த காற்றால் தண்ணீரை அதிகம் தாங்க முடியாது. அங்கே ஒரு கன மீட்டரில் இருப்பது சுமார் 5 கிராம்தான். அந்தக் காற்று வீட்டுக்குள் வருகிறது, ரேடியேட்டர் அதை 21 டிகிரிக்குச் சூடாக்குகிறது. தண்ணீர் அதே 5 கிராம், ஆனால் ஈரப்பதம் 28 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்தக் காற்றுக்குத் தாகம். துணி, உதடு, தோல் என்று எதிலிருந்தும் உறிஞ்சும்.

நம் உடம்பின் கடைசித் தடுப்பு, தோலின் மேலடுக்கு. உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். செங்கல் அடுக்கி நடுவே கொழுப்புப் பூசிய சுவர் மாதிரி. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சுவரில் விரிசல் இருக்கும். தோலை உறுதியாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுப் பிறழ்வுகளுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பை, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். எக்ஸிமாவுக்கு வேறு காரணங்களும் உண்டு. குளிர்காலம் அந்த விரிசலைப் பெரிதாக்குகிறது.

நாங்கள் போவதற்கு முன்பே அக்கா ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தாள். மருத்துவர் பாப்பாவின் முழங்கை மடிப்பையும் முழங்கால் மடிப்பையும் பார்த்தாராம். சிவந்து இல்லை. குளிர்காலத்தில் தோல் வறள்வது சகஜம் என்று ஒரு சின்ன டியூப் கிரீம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அம்மா வந்த அன்று பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கூடப் போடவில்லை. புறங்கையை அவள் கால்மேல் மெதுவாக ஓட்டினார். முழங்காலுக்கு முன்பக்கம் வந்ததும் கை நின்றது. "இது வறட்சி இல்ல, கரப்பான். இங்க பாரு, சொரசொரன்னு மணல் மாதிரி. சூடா வேற இருக்கு." அக்கா சொன்னாள், "செவப்பா இல்லன்னு டாக்டர் சொன்னாரும்மா." அம்மாவுக்கு ஆச்சரியம். "நம்ம தோலு எப்பம்மா செவந்திருக்கு?"

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. பழுப்புத் தோலில் அழற்சி வந்தால் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்றில்லை. கரும்பழுப்பாக, ஊதாவாக, சாம்பல் பூத்த மாதிரி தெரியலாம். மயிர்க்கால்களைச் சுற்றிப் பொடிப் பொடியாக எழும்பலாம். ஆசிய, கறுப்பினக் குழந்தைகளுக்கு மடிப்புகளில் வராமல் முழங்காலின் முன்புறத்தில் வரலாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2007இல் வெளியிட்ட குழந்தைகள் எக்ஸிமா வழிகாட்டியிலேயே இருக்கிறது. இருந்தும் 2020இல் மலோன் முகுவெண்டே என்ற லண்டன் மருத்துவ மாணவர், கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடே தயாரிக்க வேண்டியிருந்தது. பாடத்தில் அவருக்குக் காட்டியவை பெரும்பாலும் வெள்ளைத் தோல்.

இரண்டாவது தடவை அக்கா அந்த வழிகாட்டியின் பக்கத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போனாள். இந்த முறை ஒரு தாதி பார்த்தார். அவரும் முதலில் செய்தது தொட்டுப் பார்த்ததுதான். எக்ஸிமா என்று உறுதியானது.

அதற்குப் பிறகு தொடங்கியது, எங்கள் தொழிலில் பராமரிப்பு என்று சொல்வோமே, அது. கவர்ச்சி இல்லாத வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்திலிருந்து பத்து நிமிடக் குளியல், சோப்பு கிடையாது. தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கிரீம். அதைச் சூடுபறக்கத் தேய்க்கக் கூடாது, மயிர் வளரும் திசையில் நீவிவிட வேண்டும். அளவைக் கேட்டதும்தான் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நைஸ் வழிகாட்டி சொல்வது வாரத்துக்கு 250 முதல் 500 கிராம். முதல் கிளினிக்கில் கொடுத்த டியூப் ஒரு நாளைக்குக் கூட வராது. சுவருக்குப் பூச வேண்டியதைச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தாள் பாவம்.

ஸ்டீராய்டு என்றதும் அம்மா முகம் மாறியது. "வேண்டாம்டா, தோலு தேஞ்சு போயிரும்." தாதி பொறுமையாக விளக்கினார். வீரியம் குறைந்தது, வீக்கம் இருக்கும் இடத்தில் மட்டும், சொன்ன நாள்வரை மட்டும். அளவுக்கு விரல்தான் கருவி: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களையும் சேர்த்து இரண்டு கையளவு இடத்துக்குப் போதும். விரலால் அளப்பது என்றதும் அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது. சமையலில் அவர் அளப்பதும் அப்படித்தானே.

கடலை மாவு வேண்டாம் என்று தாதி சொன்னதற்குக் காரணம், அது உரசும், உலர்த்தும் என்பது மட்டும் இல்லை. வெடித்த தோல் வழியாக உணவுப் புரதங்கள் உள்ளே போனால் பின்னால் அந்த உணவே ஒவ்வாமல் போகும் வாய்ப்பு கூடலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தேங்காய் எண்ணெயைத் தாதி அடியோடு தள்ளவில்லை. பிலிப்பீன்ஸில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் சோதித்து 2014இல் வெளியான ஆய்வில், சுத்தமான தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனாலும் அது ஒரே ஒரு சின்ன ஆய்வு. முடிவில் கிரீம் உடம்புக்கு, எண்ணெய் தலைக்கு என்று உடன்பாடு ஆனது. அம்மா தோற்றுப்போன மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா பணத்தைக் கொட்டத் தயாராக இருந்தாள். தூங்காத தாயிடம் எதையும் விற்கலாம். ரெடிங் தண்ணீர் கடினத் தண்ணீர், கெட்டிலில் வெள்ளையாகப் படியும். அதற்கொரு மென்மையாக்கி வாங்க விலை கேட்டு வைத்திருந்தாள். 336 குழந்தைகளின் வீடுகளை வைத்து 2011இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, ஏற்கெனவே எக்ஸிமா வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கருவியால் கூடுதல் பலன் இல்லை என்கிறது. குளியல் தண்ணீரில் ஊற்றும் எண்ணெய்த் திரவத்துக்கும் 2018இல் இதே முடிவுதான். நான்கு வகை கிரீம்களை 550 குழந்தைகளிடம் ஒப்பிட்ட 2022 ஆய்வில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளை எதைப் பூசவிடுகிறாளோ, வீட்டார் எதைத் தினமும் பூசுவார்களோ, அதுவே நல்ல கிரீம். பாப்பாவுக்கு அது பம்ப் வைத்த பெரிய டப்பா. அழுத்துகிற வேலை அவளுடையது.

ஈரப்பதக் கருவி வாங்கலாமா என்று என்னைக் கேட்டாள். எட்டு பவுண்டுக்கு ஒரு அளவுமானி மட்டும் வாங்கி வைத்தேன். குளியல், சமையல், மூச்சு எல்லாம் சேர்ந்து 32 காட்டியது. அந்த வீட்டு ஜன்னல்களில் காலையில் நீர் கோத்திருக்கும். மேலும் ஈரத்தைக் கொட்டினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அது வேறு தொல்லை. அதனால் பாப்பாவின் அறையில் 23 டிகிரியாக இருந்த சூட்டை 18க்குக் குறைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் ஈரப்பதம் நாற்பதைத் தாண்டியது. உடம்பு சூடேறினால் அரிப்பும் ஏறும், அதற்கும் இது நல்லது. "பிள்ளைக்குக் குளிராதா?" என்று அம்மா ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. உள்ளே பருத்தி, அதன்மேல் கம்பளி என்று இரண்டு அடுக்கு போட்டதும் சமாதானமானார். கம்பளி நேராகத் தோலில் பட்டால் அதுவே அரிக்கும்.

பொங்கலன்று அம்மா விளக்கேற்றியபோது பாப்பா ஓடிவர, அக்கா பாய்ந்து தூக்கிக்கொண்டாள். கிரீம் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும் என்று பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது. துவைத்தாலும் முழுசாகப் போகாதாம். அந்த வருடம் பாப்பா விளக்கைத் தூரத்திலிருந்து கும்பிட்டாள்.

மூன்றாவது வாரம் சொரசொரப்பு அடங்கியது. அரிப்பு நின்ற இடங்களில் கறுத்த திட்டுகள். அழற்சி ஆறிய பிறகு பழுப்புத் தோலில் நிறம் கூடியோ குறைந்தோ நிற்பது இயல்பு, மறைய மாதங்கள் ஆகும். ஆனால் வீடியோ காலில் வந்த சொந்தங்களுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். "பிள்ளை கறுத்துப் போச்சே." ஒருவர் குங்குமப்பூ சொன்னார். இன்னொருவர் தனக்கு நல்ல பலன் தந்த வெள்ளையாக்கும் கிரீம் ஒன்றை அனுப்புகிறேன் என்றார். மலேசியாவில் சுகாதார அதிகாரிகள் இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசமும், சீட்டில்லாமல் விற்கக் கூடாத வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துத் தடை செய்துகொண்டே இருக்கிறார்கள். தாதி விரலால் அளந்து கொடுத்த மருந்துக்குப் பயப்படும் நாம், அளவே தெரியாத ஒன்றை அழகுக்காகப் பூசத் தயங்குவதில்லை.

கிளினிக்கில் சிவப்பைத் தேடினார்கள், சொந்தக்காரர்கள் கறுப்பைத் தேடினார்கள். இரண்டு பேருமே நிறத்தைத்தான் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் தோல் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் தவிப்பது நிறத்தில் எழுதியிருக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு புறங்கை போதுமாக இருந்தது. அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். காய்ச்சலை, மாவு புளித்ததை, துணி காய்ந்ததை எல்லாம் தொட்டே தெரிந்துகொள்கிறவர். எட்டு பவுண்டு அளவுமானியை நம்பும் நான் அந்தக் கையையும் ஒரு கருவியாக இப்போது நம்புகிறேன். இரண்டும் சேர்ந்துதான் அந்த வீட்டில் வேலை நடந்தது.

இப்போது அம்மாவும் நானும் ஊரில் இருக்கிறோம். அக்கா தினமும் இரண்டு வேளை பூசுகிறாள், வசந்தம் வந்த பிறகும் விடவில்லை. போன வாரம் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தார். கைப்பேசியில் பாப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இப்பக் கொஞ்சம் வெளுத்திருக்காளா?" என்று கேட்டார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"நிறத்த விடுக்கா. ராத்திரி தூங்குறாளான்னு கேளு. தூங்குறா."