அம்மாவின் மடியில் ஐந்து பைகள்

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் நிமிடக் கணக்கில்தான் யோசிப்போம். எட்டு மணிக்குச் செய்தி, எட்டு ஐந்துக்குப் பாட்டு, எட்டு ஒன்பதுக்கு விளம்பரம். நடுவில் மூன்று விநாடி மௌனம் விழுந்துவிட்டால் நெஞ்சு படபடக்கும். இந்த வியாதியோடுதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூன் விடுமுறையில் குடும்பத்தை அழைத்துக்கொண்டு செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோசுக்குப் போனேன்.

இரண்டு வாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டிருந்தேன். பத்து மணிக்கு நுழைவு, பத்துப் பத்துக்கு முதல் சவாரி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று மாலை வரை ஒரு நிமிடம் வீணாகாத அட்டவணை. கணவர் அதைப் படித்துவிட்டு, "இதுல டாய்லெட்டுக்கு எத்தனை நிமிஷம்?" என்று கிண்டலாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே அதற்கும் நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அந்த அட்டவணை மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை.

முதல் அடி 'ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி' வாசலில் விழுந்தது. இருட்டுக்குள் பாயும் ரோலர் கோஸ்டர் அது. என் மகன் மூன்று மாதமாகக் கனவில்கூட அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அதற்குக் குறைந்தது 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அளவுகோல் அருகே நின்றபோது அவன் 117. நுனிக்காலில் எம்பிப் பார்த்தான், பயனில்லை. விதி இணையத்தில் தெளிவாகத்தான் இருந்தது. எந்தச் சவாரிக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்த நான், என் பிள்ளை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்கவில்லை. ஏழு வயதுப் பையன் பொது இடத்தில் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அடுத்தது மழை. மின்னல் அபாயம் என்றால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அது பாதுகாப்புக்காக, குறை சொல்ல முடியாது. ஆனால் என் அட்டவணையில் மழை என்ற சொல்லே இல்லை. அதன்பிறகு நான் செய்ததெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாரையும் விரட்டியதுதான்.

உண்மையான அடி இரவு வீட்டுக்கு வந்தபிறகுதான் விழுந்தது. கைப்பேசியில் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் என் அம்மா இருந்தது ஒன்றே ஒன்றில்தான், அதுவும் ஓர் ஓரத்தில். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியிலும் இரண்டு பக்கத்திலுமாக ஐந்து பைகள்.

"எப்படிம்மா இருந்துச்சு இன்னைக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு. பெஞ்சு எல்லாம் நல்ல நிழலாப் பாத்துப் போட்டிருக்காங்க."

அம்மா குத்திக்காட்டிப் பேசும் ரகமில்லை. அந்த நாளில் அவருக்குச் சொல்லக் கிடைத்தது அவ்வளவுதான். அதுதான் எனக்கு வலித்தது.

அப்பாவின் வழி

"இதுக்குத்தான் ரொம்பத் திட்டம் போடக்கூடாதுன்னு சொல்றது" என்றார் கணவர். அலுவலகத்திலும் இரண்டு கட்சி உண்டு. போகிற போக்கில் போனால்தான் சுகம் என்பது ஒன்று, திட்டமில்லாமல் போனால் காசுக்குக் கேடு என்பது மற்றொன்று. எது சரி என்று யோசித்தபோது அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பாவுக்குத் திட்டம் என்ற பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "சரி, கெளம்புங்க" என்பார். எங்கே என்று ரயிலில் ஏறிய பிறகுதான் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்படித்தான் பாசிர் ரிஸ் டவுன்டவுன் ஈஸ்ட்டில் இருந்த எஸ்கேப் பூங்காவுக்குப் போனோம். 2000ஆம் ஆண்டு திறந்து 2011இல் மூடிய பூங்கா அது. இன்று முப்பதைத் தாண்டிய பலருக்கும் முதல் கேளிக்கைப் பூங்கா அதுவாகத்தான் இருக்கும். தம்பியும் நானும் கோ-கார்ட்டுக்கும் பேய் வீட்டுக்கும் ஓடினோம். அப்பா எங்கள் பின்னால் ஓடினார். திட்டமே இல்லாத, அருமையான நாள்.

பிறகு மெல்ல இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்றும் அம்மா பெஞ்சில்தான் இருந்தார். மடியில் எங்கள் செருப்பு, தண்ணீர்ப் போத்தல், தம்பியின் சட்டை.

அப்பா திட்டமே போடவில்லை. நான் நிமிடத்துக்கு நிமிடம் திட்டம் போட்டேன். இரண்டிலும் அம்மா இருந்த இடம் ஒன்றுதான். அப்படியானால் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, எதைத் திட்டமிடுகிறோம் என்பதல்லவா கேள்வி?

முதலில் ஆளுக்கொரு ஆசை

சென்ற அக்டோபரில் மறுபடியும் போனோம். பிஎஸ்எல்இ தேர்வுத்தாள் திருத்தும் நாள்களில் தொடக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஜூன், நவம்பர், டிசம்பர் விடுமுறைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்று கணக்குப் போட்டேன்.

இந்த முறை அட்டவணை எழுதவில்லை. ஒரு வாரம் முன்பு இரவுச் சாப்பாட்டின்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அங்க போனா கட்டாயம் செய்யணும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

மகன் யோசிக்கவே இல்லை. "மம்மி!" ஐந்து வயது மகளுக்கு 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட். கணவருக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ். அம்மாவிடம் வந்தபோது வழக்கமான பதில்தான். "எனக்கென்ன, நீங்க போயிட்டு வாங்க. நான் பையப் பாத்துக்கறேன்."

விடவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அந்தத் தண்ணி ஷோ ஒண்ணு இருக்குமே. போன தடவ எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. வெளிய வந்தவங்கல்லாம் தொப்பலா நனைஞ்சு சிரிச்சுக்கிட்டே வந்தாங்க."

"பாக்கணுமாம்மா?"

"பாக்குறது என்ன, முன்னாடி உக்காரணும். ஏன், வயசானவங்க நனையக்கூடாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'வாட்டர்வோர்ல்ட்' நிகழ்ச்சியை அதிக நேரம் பிடிக்கும் என்று முதல் அட்டவணையிலிருந்து நீக்கியதே நான்தான்.

எதைத் திட்டமிட வேண்டும்?

ஆசைகள் தெரிந்தபிறகு திட்டம் தானாகவே சுருங்கிவிட்டது. அங்கே போனபின் மாற்ற முடியாதவற்றை மட்டும் முன்கூட்டியே பார்த்தேன்.

முதலாவது தேதி. நுழைவுச்சீட்டைக் குறிப்பிட்ட நாளுக்கு இணையம்வழி முன்பதிவு செய்வது நல்லது. மூடும் நேரம் நாளுக்கு நாள் மாறும். அக்டோபரில் ஹாலோவீன் இரவு நிகழ்ச்சி இருக்கும் நாள்களில் பகல் பூங்காவைச் சீக்கிரமே மூடிவிடுவதுண்டு. அதைத் தவிர்த்து நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாவது உயரம். கிளம்புமுன் வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிறுத்தி அளந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கு 107, மம்மிக்கு 122, இரட்டை ரோலர் கோஸ்டரான பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 சென்டிமீட்டர். விதிகள் மாறக்கூடும் என்பதால் போகுமுன் ஒருமுறை பூங்காவின் இணையப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. என் மகன் இப்போது 124. மம்மிக்கு உண்டு, பேட்டில்ஸ்டாருக்கு இல்லை. அதை வீட்டிலேயே சொல்லிவிட்டேன். கொஞ்சம் முறைத்தான், பிறகு "ஒரு சென்டிமீட்டர்தானே, அடுத்த வருஷம்" என்று அவனே சமாதானமாகிவிட்டான். வீட்டில் தாங்கிக்கொள்ளும் ஏமாற்றத்தை வரிசையின் முனையில் பிள்ளைகளால் தாங்க முடிவதில்லை.

மூன்றாவது, நேரம் குறித்து நடக்கும் நிகழ்ச்சிகள். சவாரிக்கு எப்போது வேண்டுமானாலும் வரிசையில் நிற்கலாம். வாட்டர்வோர்ல்ட் போன்ற மேடை நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்தில்தான் நடக்கும். அன்றைய நேரத்தைப் பார்த்து அதை நடுவில் நட்டுக்கொண்டால் மற்றவை அதைச் சுற்றித் தானாக அமையும்.

நான்காவது பைகள். ஐந்து பைகளை இரண்டாகக் குறைத்தோம். உள்ளே போனதும் அவற்றை வாடகைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம். அதற்குச் சில வெள்ளி ஆனது. ஒரு மனுஷியை நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைப்பதைவிட அது மலிவு.

மற்றதையெல்லாம் போன இடத்தில் பார்த்துக்கொண்டோம். காத்திருப்பு நேரத்தைப் பூங்காவின் செயலியே காட்டும். கூட்டம் குறைவான பக்கம் நடந்தால் போதும். கூடுதல் பணம் கொடுத்தால் வரிசையைச் சுருக்கும் எக்ஸ்பிரஸ் சீட்டும் உண்டு. விடுமுறைக் கூட்டத்தில் ஒரே நாளில் எல்லாவற்றிலும் ஏற நினைப்பவர்களுக்கு அது உதவும். ஆளுக்கொரு ஆசை என்று வைத்துக்கொண்ட எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நீரூற்று இருந்த இடம்

விவோசிட்டியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரசில் போகலாம் என்றேன். உள்ளே போகத்தான் கட்டணம், திரும்பி வரக் கட்டணமில்லை. அம்மா நடக்கலாம் என்றார். சுமார் 700 மீட்டர் நீளமுள்ள நடைபாதையில் கடலைப் பார்த்தபடி மெதுவாக நடந்தோம். வழியில் அம்மா பேச ஆரம்பித்தார்.

"இங்கெல்லாம் நானும் உங்கப்பாவும் ஃபெரியில வருவோம். கல்யாணமான புதுசு. இந்தப் பக்கந்தான் இசை நீரூற்று. பாட்டுக்குத் தண்ணி ஆடும். காத்தடிச்சா மேல எல்லாம் தெளிக்கும்."

1982இல் திறந்த இசை நீரூற்றைத்தான் சொன்னார். 2007இல் அதை மூடினார்கள். இன்று ரிசார்ட்ஸ் வோர்ல்ட் எழுந்து நிற்பது அந்த வட்டாரத்தில்தான். தீவின் பழைய பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி. மலாயில் 'மாத்தி' என்றால் சாவு. 1970களில் அதைச் சுற்றுலாத் தலமாக்கியபோதுதான் செந்தோசா என்ற பெயர் நிலைத்தது. அமைதி என்று பொருள்படும் அந்த மலாய்ச் சொல், நம் வாயில் புழங்கும் சந்தோஷத்தின் உறவுக்காரச் சொல்தான். இதையெல்லாம் நிகழ்ச்சியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு இந்தத் தீவில் ஒரு கதை உண்டு என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை.

மகன் மம்மியில் ஏறி இறங்கினான். முகம் வெளுத்து, வாய் மட்டும் "சூப்பர்" என்றது. மகள் மஞ்சள் பொம்மைகளிடமிருந்து வர மறுத்தாள். அவளுக்காக அரை மணி நேரம் சும்மா நின்றோம். மதியம் மழையும் வந்தது. நுழைவாயிலுக்கு அருகே உள்ள ஹாலிவுட் பகுதிக்கு மேலே பெரிய கூரை உண்டு என்பதால் அங்கே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். கடிகாரத்தை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு முறைதான் பார்த்தேன்.

மழை விட்டபின் நடந்த வாட்டர்வோர்ல்டுக்கு முன்னதாகவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். நிகழ்ச்சி தொடங்குமுன்பே நடிகர்கள் வாளியோடு வந்தார்கள். அம்மாவைப் பார்த்து ஒருவர் தயங்கினார். அம்மா கையை ஆட்டி, 'ஊத்து' என்று சைகை காட்டினார். வாளி முழுக்க ஊற்றினார் அவர்.

அதன்பிறகு நீர்மோட்டார் சாகசம், தீ, வெடி, சுவரைத் தாண்டி வந்து விழும் விமானம். அதையெல்லாம் நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் அறுபத்தேழு வயது அம்மா நெற்றியில் ஒட்டிய முடியோடு பேரனின் தோளைத் தட்டித் தட்டிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டகத்தில் அவருக்கு மாற்றுடையும் ஒரு துண்டும் தயாராக இருந்தன. அந்த இரண்டையும் எடுத்து வைத்ததுதான் அன்றைய பயணத்துக்கு நான் போட்ட ஆகச் சிறந்த திட்டம்.

எனவே, கேளிக்கைப் பூங்காவுக்கு முன்கூட்டியே திட்டம் தேவையா என்று கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன். சத்தமாகக் கேட்கும் பிள்ளைகளுக்கு எப்படியும் கிடைத்துவிடும். எதுவும் கேட்காத ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். திட்டம் அவருக்காகத்தான். சீட்டு வாங்குவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். "எனக்கென்ன" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். இன்னும் இரண்டு முறை கேளுங்கள்.

திரும்பும் வழியில் அம்மா நடக்கவில்லை, ரயில்தான். "அடுத்த வருஷம் இவன் அந்தப் பெரிய கோஸ்டர்ல ஏறுவான்ல?" என்றார்.

"ஆமாம்மா."

"எனக்கு உயரம் போதும்தானே?"