அட்டையில் எழுதிய பெயர்

அமெரிக்காவில் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களுக்கு லமான்ட் லார்சன் என்ற பெயர் நன்றாகத் தெரியும். 1930களின் பிற்பாதியில் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த சிறுவன். புது இதழ் வந்ததும் அவனுக்கென்று எடுத்துவைக்க, கடைக்காரர் அட்டையிலேயே பென்சிலால் 'லார்சன்' என்று எழுதிவிடுவாராம். பல ஆண்டுகள் கழித்து அந்த இதழ்கள் வெளியே வந்தபோது, அந்தப் பென்சில் எழுத்தே அவற்றின் சான்றாகிவிட்டது. லார்சன் பெயர் இருந்தால் விலை கூடுகிறது.

எனக்கு உடனே ஞாபகம் வருவது எங்கள் வீட்டு முத்து காமிக்ஸ்தான். 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய வரிசை. எதைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் யாராவது ஒரு பையனின் பெயர், வகுப்பு, பிரிவு. வாடகை நூலகத்தில் இருந்து வந்ததென்றால் ஊதா நிற முத்திரை. முதல் பக்கம் கிழிந்துபோனாலும் பிடிபட வேண்டுமென்று நடுப்பக்கம் ஒன்றிலும் அதே முத்திரை. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அல்லவா, அந்தக் கையை அட்டையின் உட்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து வைத்திருந்தார் என் அண்ணன். தாள் மெலிசு. கோடு பின்பக்கம்வரை தெரியும்.

திருவல்லிக்கேணியின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளில் அப்படிப்பட்ட பிரதி ஒன்றைக் கையில் எடுத்தேன். "பேரு எழுதாம, சீலு இல்லாம இருந்தா வேற ரேட்டு சார்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது சந்தையின் நியாயம். பேனாக் கிறுக்கல் குறைதான். ஆனால் அதே பேனாவை அந்தக் காமிக்ஸை வரைந்த ஓவியரே பிடித்திருந்தால்?

அங்கேதான் கதை சிக்கலாகிறது. அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய சிஜிசி நிறுவனம் காமிக்ஸின் நிலையைப் பார்த்து மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகிறது. அவர்களுடைய ஆள் கண்முன்னே போட்ட கையெழுத்து என்றால் மஞ்சள் லேபிள். யாரும் பார்க்காமல் வாங்கிய கையெழுத்தோ, உண்மையானதாகவே இருந்தாலும், 'அட்டையில் பெயர் எழுதப்பட்டுள்ளது' என்ற குறிப்போடு பச்சை லேபிளுக்குப் போய்விடக்கூடும். எழுத்து ஒன்றுதான். சாட்சி இருந்தால் பெருமை, இல்லாவிட்டால் குறை. காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி 1994இலேயே இறந்துவிட்டார். சூப்பர்மேனை உருவாக்கிய ஷஸ்டர் 1992இல், சீகல் 1996இல். இவர்கள் போட்ட எந்தக் கையெழுத்துக்கும் அப்படியொரு சாட்சி இருக்கவே முடியாது. 2018இல் மறைந்த காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயோ கடைசிக் காலம்வரை கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். சாதாரண இதழில் அவர் கையெழுத்து விலையை ஏற்றும். மாசுமறுவற்ற அரிய இதழில் என்றால், மை படாத அட்டையையே தேடுகிறவர்களும் உண்டு.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. 'அன்புள்ள இன்னாருக்கு' என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தால், வெறும் கையெழுத்தைவிடப் பொதுவாக விலை குறைவு. அடுத்து வாங்குகிறவர் அந்த இன்னார் இல்லையே! படைப்பாளி ஒரு வாசகரின் முகம் பார்த்து, பெயர் கேட்டு எழுதிய வரிக்கு மதிப்பு குறைவு என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. அந்த இன்னார் பலரும் அறிந்தவர் என்றால் மட்டும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. லார்சனுக்கு நடந்தது அதுதானே. அவன் பெயர் ஒருகாலத்தில் கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

சிலர் விலைக்காகப் பழைய பெயர்களை ரப்பரால் அழிக்கிறார்கள். அழித்த இடத்தில் தாள் உரிந்து அச்சு மங்கிப்போகும். அது பென்சில் எழுத்தைவிடப் பெரிய குறை. மை தேய்த்த இடத்தில் ஓட்டையே விழுந்துவிடும். முத்திரை இருக்கிறதென்று நடுப்பக்கத்தைக் கிழித்தெடுத்த பிரதியையும் பார்த்திருக்கிறேன், கதையின் முக்கியமான திருப்பமே அந்தப் பக்கத்தில்தான்.

உங்கள் பரணிலும் பழைய முத்து, லயன் காமிக்ஸ் கட்டு ஏதாவது இருக்கலாம். விற்பதோ வைத்திருப்பதோ உங்கள் விருப்பம். அதில் எழுதியிருக்கும் பெயர்களில் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.