இரவல் இயந்திரத்தில் சொந்த வீடு

கருவி யாருடைய கையில் இருக்கிறது என்பதே எக்காலத்திலும் சமுதாயத்தின் முதற்கேள்வியாக இருந்து வந்திருக்கிறது. ஏர் யாருடையது, தறி யாருடையது, அச்சுயந்திரம் யாருடையது என்று கேட்டுப் பழகிய நாம், கணினியின் முன்னால் வந்து நின்றதும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். அதனுள்ளே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் பணிசெயல் முறைமை யாருக்குச் சொந்தம், அதைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை உண்டா என்று கேட்பவர் மிகச் சிலர். தமிழ் படித்துப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன அலுவல் என்று வாசகர் வினவலாம். அலுவல் உண்டு. மொழி இன்று குடியிருக்கும் இடங்களுள் கணினியும் ஒன்று. குடியிருப்பவருக்கு அந்த வீட்டின்மேல் உரிமை உண்டா இல்லையா என்பதை மொழியாசிரியன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

என்னிடம் பதினோராம் தரத்தில் படித்த மாணவி ஒருத்தி, சீவல் தொழிலாளி ஒருவரின் மகள், தன் தந்தையின் தொழிற்சொற்களைத் திரட்டி வந்தாள். பாளைக்கத்தி, தளைநார், முட்டி, பன்னாடை, கங்குமட்டை, பிளா, கருப்பநீர் என்று தொடங்கிய பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கமும் பயன்படும் வாக்கியமும் சேர்ந்து வளர்ந்துகொண்டே போயிற்று. ‘கற்றோர் வழக்கு’ என்ற வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட உழைப்பாளர் மொழியை உழைப்பாளியின் பிள்ளையே எழுதி வைப்பதிலுள்ள சிறப்பை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டில் கணினி இல்லை. பாடசாலையின் கணினிக்கூடத்திலேயே தட்டச்சுச் செய்தாள். ஒருநாள் அந்தக் கணினிகளுக்கு வைரஸ் தொற்றியதென்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வின்டோஸ் நிறுவிவிட்டுப் போனார்கள். இரண்டு மாத உழைப்பு ஒரு பிற்பகலில் இல்லாமற் போயிற்று. செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தமக்கிட்ட வேலையைச் செய்தார். குற்றம் ஒழுங்கமைப்பினுடையது. எழுதுகிறவளுக்கு அந்த இயந்திரத்தில் ஓரடி இடமும் சொந்தமில்லை. மேலாளர் கடவுச்சொல் அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

இந்நிலையில்தான், தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஒரு வழி சொன்னார். கணினியை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லையென்றால், கணினிக்குள் இன்னொரு கணினியைக் கொண்டுபோய் வைப்போம் என்றார். முதலில் அது விடுகதை போலத் தோன்றியது. ஆனால் அதன் அடிப்படை பழையது. 1972இலேயே ஐ.பி.எம். நிறுவனம், விலைமதிப்பு மிக்க ஒரே பெருங்கணினியைப் பலருக்கும் பங்கிட்டு, ஒவ்வொருவருக்கும் தனிக்கணினி இருப்பதுபோலக் காட்டும் முறைமையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செல்வந்த நிறுவனங்களின் சிக்கனத்துக்கென்று பிறந்த அந்த உத்தியை நாம் வறுமைக்குத் துணையாகக் கொள்வதில் தவறென்ன?

பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்னும் மென்பொருளே இதற்குக் கருவி. வின்டோசின் கண்ணுக்கு அது மற்றைய மென்பொருள்களைப் போல ஒன்றுதான். ஆனால் அதனுள்ளே ஓர் இயந்திரத்தின் தோற்றம் முழுவதும் உண்டு: செயலி, நினைவகம், திரை, வன்தட்டு. வன்தட்டு என்பது உண்மையில் ஒரு கோப்பு மட்டுமே. அக்கோப்பினுள்ளே லினக்ஸ் வாழ்கிறது. தான் தனியொரு கணினியில் இயங்குவதாகவே அது எண்ணிக்கொள்கிறது. இவ்வகை மென்பொருள்களுள் சில, மேலாளர் அனுமதி பெற்று நிறுவினாலன்றி இயங்கா. கியூஎமுவையோ பென்டிரைவில் ஒரு கோப்புறையாக வைத்து அப்படியே இயக்கலாம். ஐம்பது மெகாபைட்டுக்குள் அடங்கவேண்டும் என்ற விரதத்தோடு உருவான ‘டாம் ஸ்மால் லினக்ஸ்’ என்ற சிறு முறைமையை இருபதாண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு வின்டோசுக்குள் வைத்து இயக்கியிருக்கிறார்கள்.

அதிபரின் அனுமதி பெற்று, ஒரு விடுமுறைக் காலத்தில் நண்பரும் நானும் ஐந்து மாணவருமாக வேலையைத் தொடங்கினோம். பதினாறு கிகாபைட் பென்டிரைவ் ஒன்றை எடுத்தோம். டெபியன் என்னும் லினக்ஸ் வகையை, அலங்காரங்கள் யாவும் நீக்கி, எட்டு கிகாபைட் வரை வளரக்கூடிய கோப்புவட்டில் நிறுவினோம். முதல் தடை உடனே வந்தது: பென்டிரைவில் வழமையாக அமைந்திருக்கும் பழைய ஒழுங்குமுறை, நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. அதை வேறு ஒழுங்குக்கு மாற்றினோம். யூனிகோட் தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்தோம். பெரிய அலுவலக மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். அதன் பாரத்தைத் தாங்காமல் இயந்திரம் தள்ளாடியது. அதைக் கழற்றிவிட்டுச் சிறிய எழுதுகருவி ஒன்றை வைத்தோம். இறுதியாக, இத்தனை நினைவகம் கொடு, இந்த வட்டைத் திற என்று ஒரே வரியில் கட்டளை எழுதி ஒரு கோப்பிலிட்டோம். அதை இருமுறை சொடுக்கினால் போதும்.

குறைகளை மறைப்பது நேர்மையன்று. ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தே உள்ளியந்திரம் இயங்குவதால் வேகம் குறைவு. எங்கள் கூடத்துப் பழைய கணினிகளில் அது எழுந்து நிற்க ஏழெட்டு நிமிடம் பிடித்தது. மின்சாரம் திடீரென நின்றால் கோப்புவட்டுச் சிதைந்துபோகலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டுக் கண்ட நாட்டில் இது சிறிய விடயமன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே உள்ள முறைமை நினைத்தால் உள்ளே நடப்பது அனைத்தையும் காண முடியும். வீடு நம்முடையது, நிலம் பிறருடையது.

குடாநாட்டு வாசகருக்கு இந்த நிலைமை புதிதாயிராது. பிறர் காணியில் குடிசை போட்டுக்கொண்டு, காணிக்காரரின் முகம் கோணாமல் வாழவேண்டியிருந்த தலைமுறைகள் இங்கே உண்டு. கிணற்றடியில் குடத்தோடு காத்திருந்து, பிறர் அள்ளி ஊற்றினால் மட்டுமே தண்ணீர் பெற்றவர்களும் உண்டு. 1957இல் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் போராட வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையையும் மென்பொருள் உரிமத்தையும் ஒரே தராசில் வைப்பவன் அல்லன் நான். ஆயினும் அந்த வரலாறு ஒன்றைக் கற்பிக்கிறது: அள்ளி ஊற்றுபவரின் நல்லெண்ணம் உரிமையாகிவிடாது. நிறுவனம் தரும் சலுகையும், கள்ளப் பிரதியாக மலிவாகக் கிடைக்கும் குறுவட்டும் உரிமையல்ல. இவ்விரண்டும் நம்மைக் குடத்தோடு காத்திருக்கவே வைக்கின்றன.

லினக்சின் சிறப்பு அது விலையின்றிக் கிடைப்பதில் இல்லை. 1983இல் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவான இம்முறைமையை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிரதி செய்யலாம், பிறருக்கு வழங்கலாம். வழங்கும்போது அதே உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்பதே அதன் பொது உரிமத்தின் நிபந்தனை. தமிழ் படித்தவனுக்கு இது அந்நியமான தத்துவமன்று. ஏட்டைப் பெயர்த்தெழுதிப் பெயர்த்தெழுதியே நம் இலக்கியம் பிழைத்தது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அவர் கைக்கு எட்டியவை யார் யாரோ பெயர் தெரியாதவர்கள் பிரதி செய்து வைத்த ஏடுகளே. ஓரிடத்தில் மட்டும் இருப்பது அழியும். 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு நாம் அதைக் கற்றுக்கொண்டோம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களைப் பிரதியெடுத்து எவரும் எங்கிருந்தும் படிக்க வைத்திருப்பது அந்தப் பாடத்தின் பயனே. நாங்களும் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு பிரதி என்று விதி வைத்தோம்: ஒன்று சட்டைப்பையில், மற்றது தோழரிடம்.

ஐந்து மாணவரும் பட்டியலைப் பங்கிட்டுக்கொண்டு மீண்டும் எழுதினார்கள். பாடசாலையில் தொடங்கிய வாக்கியத்தைச் சனசமூக நிலையத்துக் கணினியில் முடித்தார்கள். எந்த இயந்திரத்தில் செருகினாலும் அதே மேசை, அதே எழுத்துரு, விட்ட இடத்தில் நின்ற அதே வரி. கணினி தங்களுடையதாக இல்லாத பிள்ளைகளுக்குக் கணினிக்குள் ஒன்றாவது தங்களுடையதாயிற்று. அதைவிடப் பெரியது வேறொன்று: அது எப்படி இயங்குகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். கட்டியவர்கள் அவர்களே.

ஆனால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். பல்லாயிரம் நிரலாளர் பொதுவில் வைத்த இந்த உழைப்பை உலகின் மாபெரும் நிறுவனங்களே அதிகம் அறுவடை செய்கின்றன. உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகளும் 2017 முதல் லினக்சில் இயங்குகின்றன. நம் கைப்பேசிகளிலுள்ள அண்ட்ரொய்டின் கருவும் லினக்சே. பொதுச்சொத்து இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் வலிமை மக்களிடம் இருக்கவேண்டும். பக்கத்திலுள்ள கேரளம் தன் அரசுப் பாடசாலைகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின் மேல் அமைத்துக் காட்டியிருக்கிறது. ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பாடநூலையும் அதற்கேற்ப எழுதியதால் அது கைகூடியது. நாம் கேட்கவேண்டியதும் அதுவே: மாகாணக் கல்வித் திணைக்களம் கூடங்களில் லினக்சை நேரடியாகவே நிறுவட்டும், பிள்ளைக்கு வன்தட்டில் ஓரிடம் உரிமையாகட்டும்.

அதுவரை பென்டிரைவில் கட்டிய வீடு ஓர் ஒத்திகை. அந்த ஒத்திகைக்கு அமைச்சரின் கையெழுத்து வேண்டியதில்லை. ஒரு விடுமுறையும், ஐந்து மாணவரும், பொறுமையும் போதும். இதைப் படிக்கும் ஆசிரியத் தோழர்களிடம் இவை மூன்றும் உண்டு என்று நான் நம்புகிறேன்.