அடுப்புக்குத் தப்பிய மேப்பிள்

வெர்மாண்ட், அமெரிக்கா
அக்டோபர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,



இங்கே மேப்பிள் இலை சிவக்கும் காலம். மலையைப் பார்க்க ஊர்ப்பட்ட கார்கள் வந்து நிற்கின்றன. நான் மலையை விட்டுவிட்டு ஒரு கடைசல் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டேன். மரச்சொப்பு கடையும் அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேடிக்கை!

என்ன மரம் என்றுதான் முதலில் கேட்பீர்கள். சர்க்கரை மேப்பிள், இந்த மாநிலத்தின் மரமே அதுதான். குளிர் விடும் சமயம் அடிமரத்தில் துளை போட்டு நீர் இறக்குவார்கள். சுமார் 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு தேறும். 19-ஆம் நூற்றாண்டில் விவசாயிகள் சாலையோரம் வரிசையாக நட்ட மரங்கள் பல இடங்களில் இன்னும் நிற்கின்றன. ஆனால் பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டுகிற உப்பு வேருக்கு இறங்கி, மரத்தைப் பட்டுப்போக வைக்கிறது. பட்ட மரத்தை அறுத்தால் பெரும்பாலும் அடுப்புக்குத்தான். அப்படிப் போகவிருந்த கட்டையைக் கேட்டு வாங்கி, கொட்டகைக்குப் பின்னால் நிழலில், ஈர மண்ணில் போட்டுவைத்திருக்கிறார் இந்தக் கடைசல்காரர். வேண்டுமென்றே மக்க விடுகிறார்!

இதற்கு ஸ்பால்ட்டிங் என்று பெயர். வெட்டுப்பட்ட மரத்தில் பூஞ்சை இறங்கிச் செய்கிற வேலை. சில பூஞ்சைகள் மரத்தின் லிக்னினைத் தின்னும்; அந்த இடம் வெளுத்துப்போகும். இரண்டு பூஞ்சை எதிரெதிரே வந்து முட்டினால், ஒன்றையொன்று உள்ளே விடாமல் கறுப்பாக மெலனின் சுவர் எழுப்பிக்கொள்ளும். பங்காளிகள் போட்ட வரப்பு மாதிரிதான். அறுத்த முகத்தில் அது மெல்லிய கோடாக வளைந்து வளைந்து ஓடும். பச்சையும் நீலமும் கலந்த நிறம் ஏற்றும் பூஞ்சையும் உண்டு, பெயர் குளோரோசிபோரியா. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் மரப்பதிப்பு ஓவியங்களில் அந்தப் பச்சை மரத்துண்டுகள் இருக்கின்றன.

கோடு விழுந்த கட்டையைக் கிண்ணமாக்கி இந்த நாட்டில் மதிப்பு வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர்கள் மெல் லின்ட்குவிஸ்டும் அவர் மகன் மார்க்கும். மார்க் 1977-இல் ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். அவர்கள் கடைந்தவை ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்த வேலையில் பாதி உளியில், பாதி நிறுத்துகிற நேரத்தில். கொஞ்சம் முந்தி எடுத்தால் கோடு விழுந்திருக்காது. தாமதித்தால் கட்டை கையோடு உதிர்ந்து வரும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை அடங்கிவிடும். அதனால் பதம் பார்த்து எடுத்ததும் அறுத்து, பருமட்டாகக் கடைந்து காயப்போட்டுவிடுகிறார். அறுக்கும்போது நடுமையத்தை ஒதுக்கிவிடுவார். வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். முதல் கடைசலில் சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 30 செ.மீ. கிண்ணத்துக்கு 3 செ.மீ. மாதக்கணக்கில் காய்ந்து, வட்டம் கோணி நின்ற பிறகுதான் இரண்டாம் கடைசல்.

எனக்காகக் காய்ந்த கிண்ணம் ஒன்றை ஏற்றினார். முகக்கவசமும் தூசி முகமூடியும் போடாமல் மோட்டாரைத் தொடவில்லை. பூஞ்சை பிடித்த மரத்தூள் சிலருக்கு மூச்சை இழுக்கும்; மக்கிய கட்டை பிடியை விட்டுப் பறக்கவும் செய்யும். உறுதியான இடத்தில் சீவல் நீளமாகச் சுருண்டு வந்தது. மெத்தென்ற இடம் வந்ததும் தூளாகக் கொட்டி, நார் பிய்ந்தது. உடனே நிறுத்தி, ஃபெவிகுவிக் வகைப் பசையை அங்கே ஊற்றி ஊறவிட்டார். பிறகு உளியைத் தீட்டிக்கொண்டு வந்து, பட்டும் படாமல் கடைசி வெட்டு. உப்புத்தாளை அவசரமாக அழுத்தினால் மெத்தென்ற இடம் குழிந்து, கறுப்புக் கோடு மேடாக நின்றுவிடுமாம்.

நீங்கள் சீரான மரமாகத் தேடுவீர்கள். சுழலும் சொப்பின் மேல் அரக்கை அழுத்தி, வேண்டிய நிறத்தை ஏற்றுவீர்கள். இவருக்கு நிறம் கைவசம் இல்லை. அதனாலேயே வடிவத்தை அடக்கி வைக்கிறார்: விளிம்பில் வளையம் இல்லை, அடியில் மணி வேலை இல்லை, ஒரே வளைவு. நகாசு அத்தனையும் பூஞ்சைக்கு விட்ட இடம். கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் பழைய நீர்த்துளை ஒன்று, சுற்றிலும் பழுப்புக் கறை. எந்தக் காலத்திலோ பாகுக்காகப் போட்டது. அதை அடைக்கவில்லையா என்றேன். “ஆப்பிள் வைக்கத்தானே, சூப்பா ஊற்றப்போகிறேன்?” என்று சிரித்தார்.

ஹவாய்த் தீவுகளில் மாமரத்தையே இப்படிக் கோடு விழவிட்டுக் கடைகிறார்களாம். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். தோப்பில் மாமரம் சாய்ந்தால் ஒரு துண்டை விறகுக்குக் கொடுக்காமல் எடுத்து வையுங்கள். வெறும் மண்ணில் போட்டால் கரையான் முந்திக்கொள்ளும். மூடி போட்ட டிரம்மில் ஈர மரத்தூளுக்குள் புதைத்து வையுங்கள். நம்மூர் வெக்கைக்குப் பூஞ்சை இங்கே ஓடுவதைவிட வேகமாக ஓடும். அவ்வப்போது முனையில் ஒரு சில்லு அறுத்து, தேதி எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். தை மாதம் நான் வந்ததும் சில்லுகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்து, நம்மூர் மாமரத்துக்கு எத்தனை வாரம் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
தம்பி