காற்றிடம் கேட்டுக் கட்டிய பண்ணை வீடுகள்

ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் நிலம் கிடைத்தால், விருந்தினர் விடுதி கட்ட நினைப்பவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? சுற்றிலும் வேலி போடுவார்கள். பெரிய கேட் வைப்பார்கள். பிறகு புல்தரை, கலர் விளக்கு, நீச்சல்குளம் எல்லாம் வரும். கடைசியில் 'இயற்கையின் மடியில்' என்று ஒரு போர்டு! அந்த இயற்கை எங்கே இருக்கிறது என்று தங்க வருபவர்கள்தான் தேட வேண்டும்.

சுமார் 60 வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவில் ஒருவர் இதை அப்படியே தலைகீழாகச் செய்து பார்த்தார். லாரன்ஸ் ஹால்ப்ரின் என்று பெயர். நிலத்தையும் தோட்டங்களையும் பொது இடங்களையும் வடிவமைப்பது அவர் தொழில்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் போனால், பசிபிக் கடலை ஒட்டி ஒரு செம்மறியாட்டுப் பண்ணை இருந்தது. கடற்கரை மட்டுமே 16 கிலோமீட்டர் நீளம்! 1960-களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனம் அந்தப் பண்ணையை வாங்கியது. நகரத்துக்காரர்கள் வந்து ஓய்வெடுக்க அங்கே வீடுகள் கட்ட வேண்டும். 'சீ ராஞ்ச்' என்ற அந்த இடத்துக்குத் திட்டம் போடும் வேலை ஹால்ப்ரினிடம் வந்தது.

அவர் உடனே வரைபடத்தை விரிக்கவில்லை. அந்த நிலத்திலேயே நடந்தார், தங்கினார், பார்த்தார். அங்கே முதல் பிரச்னை காற்று. கடலிலிருந்து சில்லென்று ஓயாமல் வீசும். வெயில் இருந்தும் வெளியே உட்கார முடியாது. ஆனால், பழைய பண்ணைக்காரர்கள் காற்றைத் தடுக்க வரிசை வரிசையாக சைப்ரஸ் மரங்களை நட்டிருந்தார்கள். அந்த மரங்களைக் காற்றே சீவிச் சீவி, ஒரு பக்கம் சரிவாக ஆக்கியிருந்தது.

கட்டடக் கலைஞர்களுக்கு அந்தச் சரிவே பாடமானது. கூரைகளையும் அதேபோல் ஒரு பக்கம் சாய்த்தார்கள். காற்று கூரை மேல் ஏறிப் போய்விடும். பின்னால் இருக்கும் முற்றத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வெயில் காயலாம். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே நீட்டவில்லை. நீட்டினால் காற்று அதைப் பிடித்து உலுக்கும். சுவர்களுக்குப் பெயின்ட் கிடையாது. மரப்பலகைகள் மழையிலும் உப்புக்காற்றிலும் நரைத்து, பாறையின் நிறத்துக்கு வந்துவிட்டன. 1965-ல் அங்கே எழுந்த 10 வீடுகள் கொண்ட முதல் குடியிருப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால், பழைய பண்ணைக் கொட்டகை என்றே நினைக்கத் தோன்றும்.

கட்டியதைவிட, கட்டாமல் விட்டதுதான் இதில் பெரிய விஷயம். வீடுகளை ஓரமாகச் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் இருந்த புல்வெளியை அப்படியே விட்டார்கள். நிலத்தில் ஏறக்குறைய பாதி எல்லோருக்கும் பொது. வீட்டுக்கு வீடு வேலி இல்லை. வெட்டி அழகுபடுத்திய புல்தரை இல்லை. தெருவிளக்கு இல்லை. அதனால் ராத்திரியில் நட்சத்திரங்கள் தெரிகின்றன. ஜன்னல் ஓரம் ஒரு திண்ணை போல இருக்கை. அதில் உட்கார்ந்தால் கடல்தான் டி.வி.!

கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால், கதை இங்கே முடியவில்லை. 'எல்லோருக்கும் பொது' என்றால், அங்கே வீடு வாங்கிய எல்லோருக்கும் என்றுதான் அர்த்தம். வீட்டுக்கு வீடு வேலி இல்லைதான். ஆனால், வெளியாட்கள் கடலுக்குப் போக வழி இல்லை. பண்ணை வருவதற்கு முன்பே, பல தலைமுறைகளாக அந்தக் கரையில் சிப்பியும் கடல்பாசியும் சேகரித்து வாழ்ந்தவர்கள் கஷாயா போமோ பழங்குடி மக்கள். இப்போது இயற்கையை மதித்துக் கட்டிய இடமே, இயற்கையைப் பூட்டி வைத்த இடமாகவும் ஆகிவிட்டது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. கடற்கரை யாருடைய சொத்து என்ற கேள்வி கலிஃபோர்னியா முழுக்க எழுந்தது. அதற்கு சீ ராஞ்ச் ஒரு முக்கியக் காரணம். 1972-ல் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு, கடற்கரையைக் காக்க ஓர் ஆணையத்தைக் கொண்டுவந்தார்கள். சீ ராஞ்சில் புதிய வீடு கட்டும் வேலை பல வருடங்கள் முடங்கியது. 1980-ல் வந்த ஒரு சட்டத்தால்தான் சமரசம் ஏற்பட்டது. பொதுமக்கள் கடலுக்கு இறங்கிப் போக அங்கே பாதைகள் திறக்கப்பட்டன.

ஹால்ப்ரினுக்கு வேறொரு வருத்தமும் இருந்தது. பிற்காலத்தில் வந்த வீடுகள் பல, அவர் நினைத்தபடி சேர்ந்து நிற்காமல், நகரத்துத் தெரு போல வரிசையாக வந்துவிட்டன. ஆனாலும், அவர் அந்த இடத்தை வெறுக்கவில்லை. தனக்கும் அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு, 2009-ல் மறையும் வரை அதோடு உறவு வைத்திருந்தார்.

காற்றுக்கு ஏற்ற கூரையைத் திறமையான பொறியாளர் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் காற்றை யாரெல்லாம் சுவாசிக்கலாம் என்பதையும் சேர்த்து யோசிப்பதுதான் கஷ்டமான வேலை. அது வரைபடத்தில் வராது.

இன்றைக்கும் அந்தப் புல்வெளியில் செம்மறியாடுகள் மேய்கின்றன. அழகுக்காக அல்ல. காய்ந்த புல்லைத் தின்று, காட்டுத்தீ பரவும் ஆபத்தைக் குறைக்கின்றன. பக்கத்திலேயே, அங்கே ஒரு சதுர அடிகூடச் சொந்தமில்லாத குடும்பங்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு இறங்கிப் போகின்றன.