தேக்காவில் எத்தனை எழுத்து?

"கணினித் துறைக்குச் செல்லவிருக்கும் பிள்ளைக்கு உயர்தமிழ் எதற்கு?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. சி மொழியில் எழுதிய ஒரு சிறு நிரலைக் கொண்டு விடை கூற விழைகிறேன்.

சி நிரலை இயக்கும்போது, கட்டளை வரியில் அதன் பெயரை அடுத்துச் சில சொற்களையும் தரலாம். அவை 'மெயின்' என்னும் தலைமைச் செயற்கூற்றை வந்தடையும். 'ஆர்க்சி' அவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும். 'ஆர்க்வி' அவற்றை வரிசையாகத் தாங்கி நிற்கும். நிரலின் பெயரும் கணக்கில் சேரும். அதற்கு 0ஆவது இடம். ஆகவே 'எண்ணி' என்னும் நிரலுக்குத் 'தேக்கா' என்ற சொல்லைத் தந்தால் ஆர்க்சி 2. 'லிட்டில் இந்தியா' என்று தந்தால் 3. இடைவெளியில் சொல் பிரிந்துவிடும். ஒரே பெயராகச் செல்ல வேண்டுமாயின் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடவேண்டும்.

என் மாணவர் ஒருவர் லினக்ஸ் கணினியில் இத்தகைய நிரலை எழுதி, வந்த சொல்லின் நீளத்தை 'ஸ்டர்லென்' கொண்டு அளந்தார். தேக்காவுக்கு 18 என்று விடை வந்தது. கணினி தவறு செய்யவில்லை. ஸ்டர்லென் எண்ணுவது எழுத்தை அன்று, பைட்டை. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. த, இரட்டைக்கொம்பு, க, புள்ளி, க, துணைக்கால் என 6 குறிகள், ஆக 18.

வகுப்பில் நாம் எண்ணுவதோ தே, க், கா என 3. கொம்பும் காலும் புள்ளியும் தனித்து எழுத்தாகா என்று அறிந்தவரே அவற்றை விலக்கி எண்ணுமாறு நிரலைத் திருத்த இயலும். மாணவர் அவ்வாறே திருத்தினார். 3 என வந்தது. இன்னொன்றையும் அவரே கண்டுரைத்தார்: இலக்கணத்தில் க் என்னும் மெய்யுடன் அகரம் சேர்ந்தால் க, யூனிகோடிலோ ககரத்துடன் புள்ளி சேர்ந்தால்தான் க். பாடநூலில் மனப்பாடம் செய்த நூற்பா அன்று அவருக்குக் கருவியாயிற்று.

இவ்வுறவு சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1997இல் 'தமிழ்நெட் 97' மாநாடு இங்கேதான் நடந்தது. தமிழ் இணைய முன்னோடியான நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராக இருந்தவர், சிறுகதை எழுத்தாளரும்கூட.

சி மொழியை எந்நாட்டுப் பிள்ளையும் கற்கலாம். தேக்காவுக்கு 3 என்று சொல்லும் நிரலை எழுத, மெய்யும் உயிர்மெய்யும் அறிந்த பிள்ளை வேண்டும். உயர்தமிழ் குறித்து முடிவெடுக்குமுன் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்ப்பார்களாக.